இரண்டு மாத்திரை

எங்கள் வீட்டில் எதுவும் மணியடிப்பதில்லை.
படலையைத் தட்டலாம், மெல்ல.
தொலைபேசி நடுங்கும், அவ்வளவுதான்.
விசிலுக்குப் பயந்து குக்கர் வாங்கவேயில்லை.
செத்தவீடு மாதிரிக் கிடக்குதே என்பார்கள்
புதிதாய் வருபவர்கள்.
ஓம்.

சுபோதினி
உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க
நாலு மணிக்கு அலாரம் வைத்தாள்.
அது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.
நிற்பாட்டடி என்று
பக்கத்து அறையிலிருந்து கத்தியது நான்தான்.

துறைமுகத்துக்கு மேலால் ஷெல் கூவிப்போன இரவுகளில்
என் மடியில் நித்திரை கொண்டவள் அவள்.

அறுத்துப் பார்த்தார்கள். இதயம் சுத்தம், பழுதில்லை.
பழுதில்லை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
ஊர் நஞ்சைத் தேடியது.
ஒரு பெடியனின் பெயரைக்கூடச் சொன்னார்கள்.
அவளைக் கடலில் கரைத்து முப்பத்தொன்று முடிய
பேச்சும் ஓய்ந்தது,
எங்களுக்கு முன்னால் மட்டும்.

பதினாறு வருடம்.
மக்கெய்சர் மைதானத்தில் விசில் ஊதினார்கள்.
எல்லாப் பிள்ளையும் ஓட
என் அபிரா நின்ற கோட்டிலேயே விழுந்தாள்.
எழும்பினாள். (இதை எழுத இன்னும் கை ஆறுதில்லை.)

டொக்டர் நஸ்லியா கட்டம்போட்ட தாளில்
பென்சிலை ஓடவிட்டார்.
"இந்த இடம் நீளம், ரீச்சர்.
துடித்த பிறகு இதயம் திரும்ப ஆயத்தமாக
கொஞ்சம் கூட எடுக்குது."
நான் தமிழ் படிப்பிக்கிறவள்.
குறில் நிற்கவேண்டிய இடத்தில் நெடில் என்று
விளங்கியது.
கண் இமைக்க ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று
கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதினேன்,
அந்த ஒரு மாத்திரைக்குள்
ஒரு பிள்ளை போகுமென்று தெரியாமல்.

எனக்கும் நீளம்தான். நான் ஒருநாளும் விழவில்லை.
அது ஏன் என்பதுதான் அவர்களுக்கும் தெரியவேண்டியிருந்தது.
என் இரத்தம்
இரவு ரயிலில், ஐஸ்பெட்டியில் போனது.

இரத்தத்தின் கலத்தைத்
தான் யாரென்று மறக்க வைத்தார்களாம்.
மறந்தது எதுவாகவும் ஆகலாமாம்.
இதயமாகு என்று கேட்டிருக்கிறார்கள்.
பன்னிரண்டாம் நாள், யாரும் தொடாமல்,
கிண்ணத்தின் அடியில் துடிக்கத் தொடங்கியதாம்.

உட்துறைமுக வீதிக் கட்டில் இருந்து
போனில் பார்த்தேன்.
பக்கத்தில் ஒரு மான் லொத்தர் சீட்டை மென்றுகொண்டு நின்றது.
தண்ணீரில் பெரிய கலமொன்று, நங்கூரமிட்டபடி.
என் கையில் இந்தக் கலம்,
ஜெல்லிமீன் குஞ்சுபோல் சுருங்கி விரிந்து.
நான்தான். நானில்லாத இடத்தில்.

அதற்குக் காதில்லை.
ஆகையால் அட்ரினலின் ஒரு துளி விட்டார்கள்.
அலாரத்தை நீரில் கரைத்தால் அதுதானாம்.

துடிப்பு ஒன்று இழுபட்டது.
அது முடியுமுன் மற்றது வந்து
அதன் குதிக்காலை மிதித்தது.
பிறகு துடிப்பில்லை, வெறும் நடுக்கம்.

பதினொரு செக்கன்.
நான் மற்ற அறையிலிருந்து கத்திக்கொண்டிருந்த நேரம்
இதுதானா சுபோ?

இன்னொரு வீடியோவும் வந்தது.
அதே கலம், ஒரே ஒரு எழுத்தைத் திருத்தியது.
துளி விழ, கொஞ்சம் வேகமானது. குழம்பவில்லை.
மூன்றாவதில் எழுத்துத் திருத்தமில்லை, மருந்து மட்டும்.
அதுவும் தாங்கியது,
முழுதாய் இல்லை, ஓரளவுக்கு என்றார் நஸ்லியா.
காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் சிலதைத் தொடவே கூடாதென
ஒரு பட்டியல் தந்தார்.
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

நஞ்சு என்று சொன்ன மனிசி
இப்பவும் சந்தையில் சிரிப்பாள்.
போனை நீட்டிக் காட்டலாம்.
காட்டமாட்டேன். அவளுக்கு இது
துடிக்கிற சளிபோலத்தான் தெரியும்.

இரவு அபிரா மாத்திரையை விழுங்கினாள்.
வீடியோவைப் பார்த்துக் கேட்டாள்:
"இது நீங்களா, சித்தியா?"
வாய் திறக்கமுதல்
துறைமுகத்தில் கப்பலொன்று ஊதியது, நீட்டி.

என் கை அவள் முதுகில் கிடந்தது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கையை எடுங்கோ அம்மா,
கூசுது."